ஒருவருக்கு மட்டும்

கூப்பனில் என் பெயரைத் தப்பாக எழுதியிருந்தார்கள்,
ஜாஸ்பெல் என்பதை ஜாஸ்மின் என்று.
பரவாயில்லை, குலுக்கலில் எனக்கு விழுந்த முதல் பரிசு.
கீழே பொடி எழுத்தில்: ஒருவருக்கு மட்டும்.
அதற்கும் கீழே, இன்னும் பொடியாக,
இன்றைய தேதியோடு முடிகிறது.

பல் பிடுங்கப் போகிறேன் என்று
வீட்டில் சொல்லிவிட்டு வந்தேன்.

பன்னிரண்டாவது மாடி. தரை சுற்றுகிறது என்றார்கள்.
எனக்கொன்றும் தெரியவில்லை,
டம்ளரில் தண்ணீர் மட்டும் லேசாக நடுங்கியது.
கண்ணாடிக்கு வெளியே கோட்டாறு, அதன் தகரக் கூரைகள்,
பார்வதிபுரம் மேம்பாலத்தில் எறும்பாக வண்டிகள்,
பிறகு, நம்பவே முடியவில்லை,
எங்கள் மொட்டைமாடி.
நீல டாங்க். கொடியில்
காலையில் நான் பிழிந்து போட்ட மஞ்சள் விரிப்பு,
தபால்தலை அளவில்.

ஒரு படம் பிடித்தேன்.
போனை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு
சூப் எடுக்கப் போனேன்.

வந்து பார்த்தால்
என் இடத்தில் யாரோ ஒருவர் நண்டு உடைக்கிறார்.
என் மேசை என் கைப்பையோடு
நாலடி தள்ளி, சாவகாசமாகப் போய்க்கொண்டிருக்கிறது.
போன் கூடப் போகவில்லை.
விளிம்பு சுற்றாதாம், நாங்கள்தான் சுற்றுகிறோமாம்.

"ஓடாதீங்க மேடம், தானா வரும்" என்றான்
சட்டையில் ஜிஜோ என்று எழுதியிருந்த பையன்.
"எவ்வளவு நேரம்?"
"அம்பத்திரெண்டு நிமிஷம்."
நடந்துபோய் எடுத்திருக்கலாம், நாலடிதான்.
சூப் ஆறிவிடும் என்று உட்கார்ந்தேன்.

பதினெட்டு வருஷமாக மின்வாரியக் கவுண்டரில்
நான் இருப்பேன், வரிசை நகரும்.
மலைகள் ஒவ்வொன்றாக வந்து
பில் கட்டாமல் போயின.
தாடகை மலைக்குப் பின்னால் கறுப்பாக ஏதோ திரண்டது.
ஆரல்வாய்மொழிக் காற்றாலைகளில்
பாதி சுற்றின, பாதி சம்பளம் வராததுபோல் நின்றன.

மரச்சீனிக் கிழங்கைக் குச்சியில் குத்தி
'டேபியோக்கா பைட்ஸ்' என்று பலகை வைத்திருந்தார்கள்.
அதை மட்டும் தொடவில்லை.
முதலில் ஐஸ்கிரீம். பிறகு பிரியாணி. மறுபடி ஐஸ்கிரீம்.
உயரத் தொப்பிக்காரன் குளச்சல்காரன்போல,
"எக்கா, கணவாயை விட்டுராதிங்க" என்றான்.
விடவில்லை.

எனக்குப் பின்னால் எங்கோ மணியடித்தது.
எனக்குத் தெரிந்த மணி.
"யாருக்க போனு இது? வீடுன்னு வருது."
"வீடா?"
"வீடுதான்."
மூன்று மேசைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டன.
நான் குனிந்து
கணவாயில் எலும்பு தேடினேன்.
அதில் எலும்பு கிடையாது.

சுசீந்திரம் கோபுரம்
யாரோ நட்டுவைத்த உப்புக்கட்டியாக நின்றது.
அப்புறம் தெற்கே ஒரு கோடு.
கடல் என்றது முன்மேசைக் குழந்தை,
வானம் என்றார் அதன் அப்பா.
மணி ஓய்ந்தது. அடித்தது. ஓய்ந்தது.
அப்புறம், ஒரு தடவை,
பாதி அடிப்பிலேயே நின்றது.

ஐம்பத்திரெண்டு நிமிஷத்தில் வந்து சேர்ந்தேன்.
போன் அங்கேயே இருந்தது,
திரையில் கொஞ்சம் தக்காளிச் சாறோடு.
தவறிய அழைப்புகள் பதினொன்று.
எடுத்த அழைப்பு ஒன்று. பதினாலு வினாடி.

யார் எடுத்தது?
நண்டுக்காரரா, மூக்குத்தி போட்ட அந்தக் கல்லூரிப் பெண்ணா,
ஜிஜோவா?
பதினாலு வினாடியில் என்ன சொல்லிவிட முடியும்?
'அவங்க சாப்பிட்டுக்கிட்டிருக்காங்க' என்று
நிறுத்தி நிதானமாகவே சொல்லலாம்.
எல்லாரும் தட்டைப் பார்த்தபடி
வட்டமாகப் போய்க்கொண்டிருந்தார்கள்.

வெளியே பார்த்தேன். மழை மேம்பாலம்வரை வந்துவிட்டது.
நீல டாங்க்.
கொடியில் ஒன்றுமில்லை.
யாரோ விரிப்பை எடுத்திருக்கிறார்கள்,
இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக
நான் கூப்பிட்டுச் சொல்லாமல்.

லிப்டில் மூன்று பக்கமும் கண்ணாடி.
ஏழாவது மாடியில் கன்னத்தைக் கையால் பொத்திப் பார்த்தேன்.
நாலாவதில் எடுத்தேன்.
இரண்டாவதில் மறுபடி பொத்தினேன்,
எந்தப் பக்கப் பல் என்று சொன்னேன்
என்பது நினைவுக்கு வரவில்லை.